பாட்டுக்காரப் பெண்கள் போன பாதை

(முன்னாள் மாணவியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் வீட்டுக்கு வந்தாங்க. "நீங்கதான் கோயில்ல, கல்யாணத்துல, சாவு வீட்டுலன்னு வருஷக்கணக்கா பொம்பளைங்களாச் சேர்ந்து பாடறீங்களே, உங்க குழுவோட பயணம்னு ஒரு தலைப்பு போட்டுக்கறேன்" என்றார்கள். எங்கள் குழுவின் பயணத்தைச் சொல்லப் பெரிய நேரம் வேண்டியதில்லை. குருசுக்குப்பத்தில் கிளம்பி வில்லியனூர், அரியாங்குப்பம், வருஷத்துக்கு ஒரு தடவை வேளாங்கண்ணி. பஸ்ஸில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து, இல்லாவிட்டால் ஆர்மோனியப் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள யாராவது ஒரு புண்ணியவதியைத் தேடி. அவ்வளவுதான். ஆகவே எங்களைவிட ரொம்ப தூரம் போன பெண்களைப் பற்றிப் பேசுகிறேன். நடுநடுவே எங்கள் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். குருசுக்குப்பம் தெரியாதவர்கள் இங்கே குறைவு. வெள்ளைக்காரத் தெருக்களுக்கு வடக்கே, வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்தில், கடலை ஒட்டின இடம். பேரிலேயே குருசு இருக்கிறது. போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொல் அது. நம் வாயில் தமிழாகவே ஆகிவிட்டது. பாட்டுக்கு எங்கள் பக்கம் எப்போதும் பஞ்சம் இல்லை. வலை சரிபார்க்கும்போது பாட்டு, பிள்ளையைத் தூங்க வைக்கப் பாட்டு, தபசு காலத்தில் வியாகுலப் பாட்டு, செத்த வீட்டில் ஒப்பாரி. எங்க ஆயா ஒப்பாரி சொன்னால் செத்தவரோடு சண்டை போட்டவன்கூட அழுதுடுவான். ஆனால் அதே ஆயாவை, "கோயில்ல மேலே ஏறி நின்னு பாட்டுக் குழுவுல பாடுறியா?" என்று கேட்டால், "சீ, போடி, அது ஆம்பளைங்க வேலை" என்பார். சின்ன வயசில் இது எனக்குப் புரிந்ததே இல்லை. ஒப்பாரி மட்டும் எப்படிப் பொம்பளை வேலை ஆச்சு?

பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது, ஆயா சொன்னது அவருடைய சொந்தக் கருத்து இல்லை. 1903 நவம்பர் 22ஆம் தேதி பத்தாம் பத்திநாதர் பாப்பரசர் கோயில் இசையைப் பற்றி ஒரு கட்டளை வெளியிட்டார். வழிபாட்டில் பாடுவது ஒரு திருப்பணி, அந்தப் பணிக்குப் பெண்கள் உரியவர்கள் அல்ல, ஆகவே பாடகர் குழுவில் அவர்களைச் சேர்க்கக்கூடாது, மேல் ஸ்தாயிக் குரல் வேண்டுமானால் சிறுவர்களை வைத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். கன்னியர் மடங்களில் சிஸ்டர்கள் பாடினார்கள், அது வேறு. ஊர்க் கோயிலில் சேலை கட்டின ஒருத்தி மாடத்தில் ஏறி நிற்பது சட்டப்படி இல்லை. 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர் கொஞ்சம் தளர்த்தினார்: பீடத்துக்கு வெளியே தள்ளி நின்று பாடலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்த பிறகு, 1967 மார்ச்சில் வந்த இசை பற்றிய ஏட்டில்தான், தேவை இருந்தால் பெண்கள் மட்டுமே உள்ள பாடகர் குழுவும் இருக்கலாம் என்று தெளிவாக எழுதினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், அறுபத்து நான்கு வருஷம். எங்க ஆயா பிறந்து, கல்யாணமாகி, பேரப்பிள்ளை எடுக்கிற வரைக்கும் ஆன காலம் அது. அவருக்கு அது ஊர்வழக்கம் மாதிரி ஆகிப்போனதில் என்ன ஆச்சரியம்!

அதற்கும் முன்னால் இன்னொரு தடை இருந்தது. 1844இல் நம் பாண்டிச்சேரியில் மறைமாவட்டச் சங்கம் கூடிப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று பேசியது. அந்த வருஷமே தூப்புயி சாமியார் மரியன்னையின் மாசற்ற இருதயத்தின் பேரால் ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். அந்தக் காலத்துக் குடும்பங்கள் தயங்கியதற்கு ஒரு காரணம், எழுதப் படிக்க, பாட, ஆடத் தெரிந்த பெண் என்றால் அவள் கோயில் தாசி என்கிற எண்ணம். அந்தத் தாசி குலத்துப் பெண்கள்தான் நம் சங்கீதத்தைக் கட்டிக் காப்பாற்றிக் கொடுத்தார்கள் என்பது வேறு கதை. வீணை தனம்மாளை நினைத்தாலே போதும். ஆனால் "நல்ல வீட்டுப் பெண் பாடக்கூடாது" என்ற சொல் இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்று பார்க்காமல் எல்லா வீட்டிலும் புகுந்திருந்தது.

இந்தச் சூழ்நிலையில்தான் திருநெல்வேலிச் சீமையில் ஒரு பெண்கள் கூட்டம் மாட்டு வண்டியில் கிளம்பியது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இவர்களைத்தான்.

ஏமி கார்மைக்கேல் என்ற அயர்லாந்து அம்மா 1895இல் இந்தியாவுக்கு வந்தார். அடுத்த வருஷக் கடைசியில் திருநெல்வேலிப் பக்கம் போய், வாக்கர் ஐயர் குடும்பத்தோடு இருந்து தமிழ் படித்தார். பண்ணைவிளையை மையமாக வைத்து, தமிழ்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார். மரத்தடியில், தெரு முனையில், கிணற்றடியில் நின்று பாடுவது; கூட்டம் சேர்ந்ததும் பேசுவது. ஜனங்கள் இவர்களுக்கு வைத்த பெயர் நட்சத்திரக் கூட்டம் என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஸ்டாரி க்ளஸ்டர் என்று எழுதப்பட்டிருக்கிறது. ஏமி அம்மாவைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய உண்டு. எனக்கு அவரைவிடக் கூட இருந்த பொன்னம்மாள் மேல்தான் பிரியம் அதிகம்.

பொன்னம்மாள் இளம் விதவை. மாமனார் மாமியார் வீட்டில் ஒரு மூலையில் காலத்தை ஓட்ட வேண்டியவர். கிறிஸ்தவ வீடுதான். ஆனாலும் விதவைக்குரிய மூலை எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதானே இருக்கும்! அங்கிருந்து ஒரு பெண் வெளியே வந்து, தெருவில் நின்று, முன்பின் தெரியாத ஆண்களும் கேட்கும்படி குரல் எடுத்துப் பாடினாள் என்றால், 1890களின் கடைசியில் அது எவ்வளவு பெரிய காரியம்! இன்றைக்கும் விதவையைக் கல்யாணப் பாட்டுக்குக் கூப்பிட யோசிக்கிற ஊர்கள் இருக்கின்றன. எங்கள் குழுவிலேயே அந்த அனுபவம் உண்டு. ஒரு கல்யாண வீட்டில், பேரைச் சொல்ல மாட்டேன், எங்களில் ஒருவரைப் பார்த்துவிட்டு, "அவங்க மட்டும் பின்னாடி உட்காரட்டுமே" என்றார்கள். அன்றைக்கு நாங்கள் எல்லோருமே பின்னாடி போய் உட்கார்ந்துதான் பாடினோம். மைக்கையும் பின்னாடியே கொண்டுவரச் சொன்னோம்.

பொன்னம்மாள் கதையில் நகைதான் பெரிய திருப்பம். தென்னாட்டில் நகை என்பது வெறும் அலங்காரம் இல்லை. குடும்பத்தின் மதிப்பு, பெண்ணின் பாதுகாப்பு, பாங்குக் கணக்கு எல்லாம் அதுதான். ஒரு நாள் பொன்னம்மாள் பேசிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் இருந்த ஒரு சிறுமி, தான் பெரியவளானதும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்து அந்த அக்கா மாதிரி நகை போட்டுக்கொள்ளப் போவதாகச் சொன்னது காதில் விழுந்ததாம். இவ்வளவு தூரம் வெயிலில் வந்து பாடிப் பேசினதில் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது நகை ஆசைதானா என்று அவருக்கு உறைத்தது. கழற்றிவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள்.

உறவுக்காரர்கள் கொதித்தார்கள். ஊர் சும்மா இருக்குமா? ஆனால் எதிர்பாராத ஒரு லாபம் வந்தது. கழுத்திலும் காதிலும் ஒன்றும் இல்லாததால் இருட்டின பிறகும் திருட்டுப் பயம் இல்லாமல் ஊர் விட்டு ஊர் போக முடிந்தது. இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். தியாகம் என்று கழற்றினார்கள். ராத்திரி நேரத்துச் சாலை அவர்களுக்குக் கிடைத்தது. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. இதைச் சொன்னால் எங்கள் சிஸ்டர் ஒருவர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

அந்தக் குழு அப்படியே வளர்ந்து பெரிய பாடகர் குழுவாக ஆகவில்லை. 1901 மார்ச்சில், கோயிலுக்கு விடப்பட இருந்த பிரீனா என்ற சிறுமி ஓடிவந்து ஏமி அம்மாவிடம் சேர்ந்தாள். அவளைத் தொடர்ந்து வேறு பிள்ளைகள் வந்தார்கள். பிறகு கைக்குழந்தைகள். டோனாவூரில் இடம் அமைந்தது. குழந்தை கையில் இருக்கும்போது வண்டி கட்டிக்கொண்டு ஊர் சுற்ற முடியுமா? தெருவில் பாடின குரல்கள் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தன. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வைத்து வளர்க்கப்பட்ட கைக்குழந்தைகளுக்குப் பொறுப்பாளராகப் போனவர் அதே பொன்னம்மாள்தான். 1915இல் புற்றுநோயில் இறந்தார். அவரைப் பற்றி ஏமி அம்மா தனியாக ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுக்கச் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது 1947இல். பொன்னம்மாள் போய் முப்பத்திரண்டு வருஷம் கழித்து.

பிள்ளைக்காகப் பாட்டை விடுவது என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற பலருக்கும் புதிய செய்தி இல்லை. எங்கள் குழு ஆறு பேரோடு ஆரம்பித்தது. ஒருத்திக்குக் கல்யாணமானதும் மாமியார், "இனிமே மேடை கீடையெல்லாம் வேணாம்மா" என்றார். இன்னொருத்தி சொல்தா வீட்டில் வாழ்க்கைப்பட்டுப் பிரான்சுக்குப் போனாள். அங்கேயிருந்து இப்போதும் கிறிஸ்மஸுக்கு முதல் நாள் போன் போட்டு, எங்களைப் போனிலேயே பாடச் சொல்லித் தானும் சேர்ந்துகொள்வாள். சுருதி ஒரு கணம் தாமதமாகத்தான் வரும். இரண்டு பேருக்கும் குரலில் குறை ஒன்றும் இல்லை. போன பிறகு வேறு பெண்கள் வந்தார்கள். பாட்டு நிற்கவில்லை, ஆனால் அந்த ஆறு குரலும் சேர்ந்த சத்தம் திரும்ப வரவில்லை.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரையும் சொல்லாமல் போக முடியாது. சித்த வைத்தியர், கீர்த்தனைகள் எழுதிய கிறிஸ்தவர், 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற பெரிய இசை நூலை வெளியிட்டவர். 1916 மார்ச்சில் பரோடாவில் முதல் அகில இந்திய சங்கீத மாநாடு கூடியது. சுருதி இருபத்திரண்டு இல்லை, இருபத்து நான்கு என்று பண்டிதர் அங்கே வாதாடினார். பேசினால் மட்டும் போதுமா? பாடிக் காட்ட வேண்டும், வீணையில் வாசித்துக் காட்ட வேண்டும். வித்துவான்கள் நிறைந்த அந்தச் சபையில் அதைச் செய்து காட்டியது யார் தெரியுமா? மகள் மரகதவல்லி அம்மாள் உள்ளிட்ட அவர் வீட்டுப் பெண்கள். அவர் கணக்கு சரியா தப்பா என்று இசைவாணர்கள் இன்னும் சண்டை போடட்டும். அத்தனை பெரிய வாதத்துக்கு வீட்டுப் பெண்களின் குரலையும் விரலையும் சாட்சியாகக் கொண்டுபோய் நிறுத்தினாரே, எனக்கு அதுதான் முக்கியம்.

இப்போது கடல் தாண்டிப் போவோம். பொன்னம்மாள் நகையைக் கழற்றினார் அல்லவா, நகையைப் போட்டுக்கொண்டு கிளம்பின ஒரு குழு அமெரிக்காவில் இருந்தது. பிலடெல்பியாவில் கெர்ட்ரூட் வார்டு என்ற கறுப்பின அம்மா, 1931இல் தனக்கு ஒரு தரிசனம் கிடைத்ததாகச் சொல்லி, வில்லா, கிளாரா என்ற இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு பாடத் தொடங்கினார். 1943இல் பாப்டிஸ்டு மாநாட்டில் பாடின பிறகு நாடு முழுக்க அழைப்பு. 1947இல் ஹென்ரியட்டா வாடி, மேரியன் வில்லியம்ஸ் என்ற இரண்டு பெரிய குரல்கள் வந்து சேர்ந்தன. அதுவரை சுவிசேஷப் பாட்டுக் குழு என்றால் தொளதொள அங்கிதான். இவர்களோ ஜரிகை போட்ட கவுன், பளபளக்கும் நகை, கோபுரம் மாதிரி தலை அலங்காரம், போகிறதற்கு ஒரு நீளமான கெடிலாக் கார்!

பகட்டு என்று பேசினவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் அந்தக் காலத்து அமெரிக்கத் தென்மாநிலங்களை நினைத்துப் பாருங்கள். கறுப்புப் பெண்ணுக்கு ஓட்டலில் அறை கிடையாது, முன்வாசல் கிடையாது. அப்படிப்பட்ட சாலையில் பட்டும் நகையுமாக, சொந்தக் காரில் போவது ஒரு பதில். ஒரு தடவை வெள்ளைக்காரக் கும்பல் ஒன்று காரைச் சூழ்ந்துகொண்டதாம். கெர்ட்ரூட் அம்மா பேய் பிடித்தவர் மாதிரி ஆட ஆரம்பித்தார், கும்பல் பயந்து ஓடிவிட்டது என்று சொல்வார்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு இந்த உத்தியைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு குழு நகையைக் கழற்றி ராத்திரிச் சாலையை வாங்கிக்கொண்டது. இன்னொரு குழு நகையைப் போட்டுக்கொண்டு அதே சாலையில் போனது. எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள். நான் போட்டிருப்பது கவரிங்.

ஆனால் வார்டு குழுவில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைத் தங்கச்சிகள் கவனிக்கணும். பணம். சம்பாத்தியம் பெரிசு, பாடினவர்களுக்கு வந்தது சிறிசு. 1958இல் மேரியன் வில்லியம்ஸ் கூலி உயர்த்திக் கேட்டார், கிடைக்கவில்லை. வேறு சிலரோடு வெளியேறி ஸ்டார்ஸ் ஆஃப் ஃபெய்த் என்று தனிக் குழு தொடங்கினார். "கடவுளுக்குப் பாடறோம், காசு எதுக்கு?" என்று நம்மிடமும் சொல்வார்கள். ஒரு ஊர்த் திருவிழாவில் ஆண்கள் கச்சேரிக்கு உறையில் வைத்துப் பணம் கொடுத்தார்கள். எங்களுக்கு ஆளுக்கு ஒரு தேங்காயும் ரவிக்கைத் துணியும். அடுத்த வருஷம் கூப்பிட்டபோது எங்களில் மூத்த அக்கா, "போன வருஷத் தேங்காயே இன்னும் உடைக்கல, அண்ணே" என்றார். அவர்களுக்குப் புரிந்தது. அந்த வருஷம் பஸ் காசு, சாப்பாடு, மேலே கொஞ்சம் பணம் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டுதான் போனோம். அதற்குப் பிறகு எங்கே போனாலும் அப்படித்தான். சாவு வீட்டுக்கு மட்டும் வாங்குவதில்லை.

இந்தப் பாட்டு வகையின் மகாராணி என்று சொல்லப்பட்ட மஹாலியா ஜாக்சன் 1971இல் சென்னைக்கு வந்து பாடியிருக்கிறார் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அமெரிக்க அரசாங்கம் அனுப்பி வைத்த பயணம். கல்கத்தா, டெல்லி, பம்பாயிலும் பாடினார். டெல்லியில் இந்திரா காந்தி நேரில் கேட்டார். அடுத்த ஜனவரியில் மஹாலியா இறந்துவிட்டார். நம்ம பாண்டியிலிருந்து நாலு மணி நேரப் பயணம். நான் அப்போ சின்னப் பிள்ளை, பெயர்கூடத் தெரியாது. ஆனால் நம் தமிழிலேயே ஒருவர் அப்போது பாடிக்கொண்டிருந்தார். சாராள் நவரோஜி அம்மா. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி, தானே ஊர் ஊராகப் பிரசங்கமும் செய்தவர். 2014இல் காலமானார். அவர் குழுவாகப் போனவர் இல்லை, தனி ஆள். ஆனாலும் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒரு கிறிஸ்தவப் பாட்டைப் பழகுகிற எந்த வீட்டிலும் அவர் மெட்டு ஒன்றாவது இருக்கும். அவர் வேறு சபை, நாங்கள் ரோமன் கத்தோலிக்கம். பாட்டுப் புத்தகத்துக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை.

இப்போது நம் கல்லூரிக்கு வருகிறேன். இங்கே எட்டுப் பெண்கள் சேர்ந்து பாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன வாரம் பயிற்சி நேரத்தில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். இரண்டு பேர் இந்து, ஒருத்தி முஸ்லிம், பாட்டு கிறிஸ்துமஸ் பாட்டு. நன்றாகவே பாடுகிறார்கள். கீழ் ஸ்தாயியில் ஆள் இல்லை. எல்லோரும் மேலேயே பாட ஆசைப்படுகிறார்கள். வார்டு குழுவைக் கேட்டுப் பாருங்கள், அடியில் ஒரு கனமான குரல் தாங்கிக்கொண்டிருப்பது தெரியும். உங்களில் நாலு கட்டைக்குக் கீழே சுகமாகப் பாடுகிறவள் யாரோ, அவளை "ஆம்பளைக் குரல்" என்று கேலி பண்ணாமல் நடுவில் நிறுத்துங்கள். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. எங்கள் குழுவில் அந்தக் குரல் நான்தான்.

அந்த எட்டுப் பேரில் இரண்டு பேருக்கு வருகிற தை மாதம் கல்யாணம் என்று சொன்னார்கள். சந்தோஷம். ஒருத்தி மெதுவாக என்னிடம் வந்து, "ஆன்ட்டி, அவங்க வீட்ல பாட விடுவாங்களான்னு தெரியல" என்றாள். "கேட்டியா?" என்றேன். "இன்னும் இல்ல." நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் மூணு வாரம் இருக்கிறது, இப்பவே கேள் என்று சொல்லியிருக்கிறேன். சீர்வரிசையைப் பேசுகிறோம், மண்டபத்தைப் பேசுகிறோம், பிரியாணியில் எத்தனை கிலோ கறி என்று பேசுகிறோம். இதையும் பேசலாம். அம்மா அப்பா பேசத் தயங்கினால் நான் கூட வருகிறேன். என் வயசுக்கு யாரும் என்னைத் திட்ட மாட்டார்கள்.

இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. எங்கள் குப்பத்தில் தபசு காலப் பாட்டும் ஒப்பாரியும் தெரிந்த ஆயாமார்கள் இப்போது விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்கும் எழுதத் தெரியாது. எல்லாம் வாயில் இருக்கிறது. உங்கள் ஒவ்வொருவர் கையிலும் போன் இருக்கிறது, அதில் பதிவு பண்ணலாம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அவர்கள் வாசலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாள் பாட மாட்டார்கள், "எனக்கு என்னடி தெரியும்" என்பார்கள். இரண்டாம் நாள் வெற்றிலைப் பாக்கு வாங்கிக்கொண்டு போங்கள்.

எங்கள் பயிற்சி சனிக்கிழமை சாயங்காலம், என் வீட்டில். வர விரும்புகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஆர்மோனியத்தில் இரண்டு கட்டை ஒட்டிக்கொள்கிறது, துருத்தியிலும் காற்று கசிகிறது. பாண்டியில் நல்ல ரிப்பேர்க்காரர் யாரையாவது தெரிந்தால் சாப்பாட்டு நேரத்தில் வந்து சொல்லுங்கள். மணி ஒன்றாகப் போகிறது, சமையல்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார்.